அறிவியல் ஆலயம் கண்ட ஆச்சாரிய போஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல் மாணவன்)

என் தந்தையார் தகரப் பட்டறைத் தொழிலாளி. புனலும் வாளியும் டிரங்குப் பெட்டியும் செய்து, ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்து, அந்த வருவாயில் என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நாள், கல்லூரியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டார். சொன்னால் உங்களுக்குப் புரியாதப்பா என்று கூறிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

அன்று நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர், நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்ட மேதை, ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ். நம் கல்லூரி நூலகத்தில் அவர் வரலாற்றைப் படித்தேன். படித்ததை என் போன்ற நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

போஸ் 1858 நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசமாக விளங்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் உயர்ந்த அரசு அலுவலர். அந்நாளில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதினர். அவரோ மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழியையும் தம் மக்களையும் அறியவேண்டும், ஆங்கிலம் பிறகு என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் போஸுக்கு ஒரு பக்கம் தந்தையின் ஏவலாளர் மகன், மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

மருத்துவம் பயில 1880இல் இங்கிலாந்து சென்ற போஸ், காய்ச்சலால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார். 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியருக்குரிய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதி. இந்த இழிவை ஏற்க மறுத்து, மூன்றாண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். தந்தையின் கடன் தலைமேல் இருந்த காலம் அது. இறுதியில் அரசு பணிந்தது. முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

அவர் மணந்த அபலா அம்மையார் நம் சென்னையோடு தொடர்புடையவர். அந்நாளில் கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லாததால், 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். கணவரின் துன்பங்களில் எல்லாம் துணை நின்றவர் அவர்.

கல்லூரியில் ஆய்வுக்கு வசதி இல்லை. 24 சதுர அடி கொண்ட சிறு அறைதான் ஆய்வகம். கருவி செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? அறிவியல் கருவிகளைக் கண்டறியாத ஒரு தகரக் கொல்லர்! போஸ் அவரைப் பழக்கினார். அக்கருவிகளைக் கொண்டு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். இந்த வரியைப் படித்தபோது என் தந்தையின் கைகளே என் கண்முன் நின்றன.

பின்னர் அவர் நாட்டம் உயிர்களின் பக்கம் திரும்பியது. தொட்டாற்சுருங்கியும் தொழுகண்ணியும் அவருடைய மாணாக்கர்களாயின. தூண்டும்போது செடியின் உடலிலும் மின்மாற்றம் உண்டாகிறது என்று காட்டினார். 1901இல் இலண்டனில் உடலியல் அறிஞர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. போஸ் சோர்ந்துவிடவில்லை. செடியின் வளர்ச்சியை அளக்கக் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். இரண்டு நெம்புகோல்கள். ஒவ்வொன்றும் அசைவை 100 மடங்கு பெருக்கும். ஆக 10,000 மடங்கு. புகை படிந்த கண்ணாடித் தகட்டில் செடி தன் வளர்ச்சியைத் தானே எழுதிக் காட்டும். 1920இல் இலண்டனில் அறிஞர்கள் நேரில் சோதித்து இதன் துல்லியத்தை ஏற்றனர். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது, 1917 நவம்பர் 30 அன்று, தம் 59ஆம் பிறந்த நாளில், வீட்டை அடுத்து அவர் திறந்து வைத்த போஸ் ஆய்வு நிலையம். இயற்பியலும் உயிரியலும் கைகோக்கும் அந்நிலையத்தை அவர் ஆலயம் என்றே அழைத்தார். அதில் மிகப் பெரிய இடம் ஆய்வறை அன்று. ஏறத்தாழ 1,500 பேர் அமரக்கூடிய சொற்பொழிவு மண்டபம்! அங்கே கண்டறியப்படும் புதுமைகள் முதலில் அம்மண்டபத்தில் சொல்லப்பட வேண்டும். ஆண், பெண், இனம், மொழி வேறுபாடின்றி எவரும் வந்து கேட்கலாம். கண்டுபிடிப்புகள் மக்களின் பொதுச்சொத்து, காப்புரிமை பெறுவதில்லை. இவையே அவர் வகுத்த நெறிகள். வங்காளத்திலும் எளிய அறிவியல் கட்டுரைகள் எழுதி நூலாக்கினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் அவர் மறைந்தார். நிலையம் இன்றும் கல்கத்தாவில் பணியாற்றி வருகிறது.

செடிகளின் உணர்வு பற்றி அவர் கொண்ட முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் தாவரங்களில் மின்குறிப்புகள் ஓடுகின்றன என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. அந்த மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்ததில் அவர் தவறவே இல்லை என்பது என் துணிபு.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் பட்டறையில் தந்தையார் அருகே அமர்ந்தேன். இரண்டு ஈர்க்குச்சிகளை நெம்புகோல்களாக வைத்துக் கிரெஸ்கோகிராஃபை விளக்கினேன். கவனமாகக் கேட்டவர், அவ்வளவு மெல்லிய முள் கண்ணாடியில் உரசிக்கொண்டே போனால் உராய்வு அதை இழுத்துப் பிடிக்குமே, செடியின் அசைவு எப்படிச் சரியாக விழும் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரி திரும்பி நூலைப் புரட்டினேன். போஸுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது! அதனால்தான் தகடு முன்னும் பின்னும் அசைந்து, இடைவெளி விட்டு முள்ளைத் தொட்டுப் புள்ளி புள்ளியாகப் பதியுமாறு அவர் அமைத்திருக்கிறார்.

புரியாதப்பா என்று நான் சொன்ன மனிதர், நான் படித்தும் கேட்கத் தோன்றாத கேள்வியைக் கேட்டுவிட்டார். விடையை அடுத்த விடுமுறையில் அவரிடம் சொல்லவேண்டும். நண்பர்களே, நாம் ஆலயங்கள் கட்ட வேண்டியதில்லை. கற்றதை வீட்டுத் திண்ணையில் சொன்னால் போதும். ஆச்சாரியர் கட்டிய மண்டபத்தில் அதுவும் ஓர் இருக்கைதான்.