கதவடியில் நின்ற நீரஜா

எங்கள் கல்லூரித் தாயின் நூற்றாண்டு விழாவுக்கென்று எத்தனை பழைய மாணவியர் விமானம் ஏறுகிறோம்! இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி என்று எங்கெங்கிருந்தோ புறப்படுகிறோம். விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும்போது பணிப்பெண் ஒருவர் எழுந்து நின்று இரு கைகளாலும் கதவுகளைக் காட்டுவார். உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று செய்து காட்டுவார். நாங்களோ அவரைப் பார்ப்பதில்லை. கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்போம். அந்தக் கைகள் காட்டும் கதவின் பெறுமதியை உலகுக்கு உணர்த்தியவர் நீரஜா பனோட். அவருடைய வாழ்க்கையை இம்மலரில் எங்கள் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தவருக்கு விமானம் புதிதல்ல. எயார் சிலோன் தனது முதற் சேவையை 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையிலிருந்து தொடங்கியபோது, அந்த விமானம் காங்கேசன்துறையில் தரித்தே சென்னைக்குப் போனது. ஆயினும் பெண்பிள்ளை விமானத்தில் வேலைக்குப் போகிறாள் என்றால் முகம் சுளித்தவர்கள் எங்கள் வீடுகளில் இருந்தார்கள். முகஅழகு பார்த்து எடுக்கும் வேலை, சாப்பாடு பரிமாறும் வேலை என்பதே அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்துக்கு விமான நிறுவனங்களும் ஒரு காரணம். 1930 இல் அமெரிக்காவில் எலன் சேர்ச் முதலான எட்டுப் பெண்கள் முதன்முதலாக இவ்வேலையில் சேர்ந்தபோது அவர்கள் அனைவரும் பயிற்சி பெற்ற தாதியர். பயணிக்குச் சுகயீனம் வந்தால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே தாதியரைத் தெரிவு செய்தார்கள். கூடவே உயரம், நிறை, வயது ஆகியவற்றுக்கு எல்லை வைத்தார்கள்; மணமாகாதவராகவும் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் உலகப் போரில் தாதியர் படைக்குத் தேவைப்பட்டபோது தாதிக் கல்வி என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. நிறையும் வயதும் மணமாகாமையும் மட்டும் பல ஆண்டுகள் நிலைத்து நின்றன. திறமைக்காகத் தொடங்கிய தெரிவு, தோற்றத்துக்கான தெரிவாக வெளியாருக்குத் தெரியலாயிற்று.

நீரஜா 1963 செப்டெம்பர் 7 ஆம் திகதி சண்டிகாரில் பிறந்தார். தந்தை ஹரிஷ் பனோட் பத்திரிகையாளர், தாய் ரமா. இரண்டு அண்ணன்மாருக்குப் பின் பிறந்த செல்லப் பெண். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின் அங்கே பொம்பே ஸ்கொட்டிஷ் பாடசாலையிலும் சென் சேவியர் கல்லூரியிலும் படித்தார். படிக்கும் காலத்திலேயே விளம்பரங்களில் தோன்றத் தொடங்கினார். அவர் முகம் பலருக்கும் அறிமுகமாயிற்று.

1985 இல் பெற்றோர் பார்த்துச் செய்த திருமணம் நடந்தது. கணவர் வளைகுடா நாட்டில் தொழில் பார்த்தவர். அங்கே சென்ற நீரஜாவைச் சீதனக் குறை துரத்தியது. இரண்டு மாதங்களில் அவர் பெற்றோரிடம் திரும்பி வந்தார். சீதனம் என்ற சொல்லின் பாரத்தை எங்கள் மாணவியருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அப்படித் திரும்பி வரும் பெண் வீட்டு மூலையில் ஒதுங்கிவிடுவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். நீரஜா ஒதுங்கவில்லை. அவரது பெற்றோரும் அவரை ஒதுக்கவில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் இந்தியாவுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் இடையிலான சேவைக்கு இந்தியப் பணியாளர்களைச் சேர்க்க முடிவு செய்தது. விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானோரில் தெரிவானவர்களுள் நீரஜாவும் ஒருவர். பயிற்சிக்காக அமெரிக்காவின் மியாமி நகருக்குச் சென்ற அவர், அங்கிருந்து பணிப்பெண்களுக்குப் பொறுப்பான தலைமைப் பணிப்பெண்ணாகத் திரும்பினார்.

இப்பயிற்சியில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. உணவு பரிமாறுவது அதில் ஒரு பகுதிதான். தீயை அணைத்தல், மூச்சடைத்தவருக்கு முதலுதவி, கடலில் இறங்க நேர்ந்தால் செய்ய வேண்டியவை, கதவைத் திறந்து காற்று நிரம்பி விரியும் சறுக்குப் பாதையால் பயணிகளை இறக்குதல், விமானம் கடத்தப்பட்டால் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றை மீண்டும் மீண்டும் செய்து பழக வேண்டும். ஒரு பெரிய விமானத்துக்கு அனுமதி பெறுவதானால், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, நிறைந்த விமானத்தை 90 செக்கன்களில் வெறுமையாக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த 90 செக்கன்களும் பணிப்பெண்ணின் குரலிலும் கையிலும்தான் தங்கியுள்ளன. இன்றும் நேர்முகத் தேர்வில் கை எட்டும் உயரத்தை அளப்பது அழகுக்காக அல்ல. மேலே வைத்திருக்கும் பாதுகாப்புக் கருவிகள் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே.

கடத்தல் பற்றிய பாடத்தைக் கேள்விப்பட்ட தாய் கலங்கினார். அப்படி ஏதும் நடந்தால் தப்பி ஓடிவிடும்படி மகளிடம் சொன்னார். எல்லாத் தாய்மாரும் அப்படிச் சிந்தித்தால் நாடு என்னாகும் என்று மகள் திருப்பிக் கேட்டதாகக் குடும்பத்தினர் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

1986 செப்டெம்பர் 5 ஆம் திகதி அதிகாலை. பம்பாயிலிருந்து புறப்பட்ட பான் ஆம் 73 ஆம் இலக்க விமானம் பிராங்பேர்ட் வழியாக நியூயோர்க் செல்லும் வழியில் கராச்சியில் தரித்து நின்றது. சுமார் 380 பேர் அதில் இருந்தனர். விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர் போல உடுத்த நான்கு ஆயுததாரிகள் உள்ளே ஏறினர். பணிப்பெண்கள் விமானியறைக்கு எச்சரிக்கை கொடுத்தனர். விமானிகள் மூவரும் கூரையிலிருந்த வழியால் இறங்கிப் போயினர். அது கோழைத்தனமல்ல, ஓட்டுவதற்கு ஆளில்லாத விமானம் மேலெழ முடியாது என்பதால் வகுக்கப்பட்ட நடைமுறை. ஆனால் அதன்பின் உள்ளே பொறுப்பானவர் 22 வயது நீரஜாதான்.

ஆயுததாரிகள் அமெரிக்கர்களைத் தேடினர். ஏற்கெனவே ஓர் அமெரிக்கப் பயணியைக் கதவடியில் சுட்டுக் கொன்றிருந்தனர். எல்லோருடைய கடவுச்சீட்டையும் சேகரிக்கும்படி கட்டளை வந்தது. நீரஜாவும் சக பணிப்பெண்களும் சேகரித்தார்கள். சேகரிக்கும்போதே அமெரிக்கக் கடவுச்சீட்டுக்களை ஆசனங்களின் கீழும் வேறு இடங்களிலும் மறைத்தார்கள். பகல் முழுவதும் தண்ணீரும் உணவும் கொடுத்துப் பயணிகளை அமைதிப்படுத்தினார்கள்.

இரவு விமானத்தின் மின்சாரம் குறைந்து விளக்குகள் மங்கின. ஆயுததாரிகள் கூட்டத்தினுள் சுடவும் கைக்குண்டு வீசவும் தொடங்கினர். கதவுகள் திறந்தன. கதவடியில் நின்ற நீரஜா முதலாவதாகக் குதித்திருந்தால் உயிர் தப்பியிருப்பார். அவர் பயணிகளை வெளியேற்றினார். பிள்ளைகளைக் காப்பாற்ற முயன்றபோது சூடுபட்டு உயிர் நீத்தார். இருபது பேருக்குக் குறையாதோர் அன்று இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். ஏனைய பலர் வீடு திரும்பினர். தனது 23 ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் நீரஜா இறந்தார்.

சமாதான காலத்து வீரத்துக்கான மிக உயர்ந்த விருதாகிய அசோகச் சக்கரத்தை இந்திய அரசு அவருக்கு வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதற் பெண் அவரே. பாகிஸ்தானும் அவரைக் கௌரவித்தது. 2004 இல் இந்தியாவில் அவர் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியாயிற்று. பெற்றோர் அவரது காப்புறுதிப் பணத்தையும் பான் ஆம் தந்த பங்கையும் கொண்டு ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தனர். அது வழங்கும் விருதுகளுள் ஒன்று, கடமையின்போது துணிவு காட்டிய விமானப் பணியாளருக்கு. மற்றது, சமூக அநீதியை எதிர்கொண்டு நின்று, அதே துன்பத்திலுள்ள பிற பெண்களுக்கும் உதவும் இந்தியப் பெண்ணுக்கு. மகளின் வாழ்வில் இருந்த இரண்டு போராட்டங்களையும் பெற்றோர் சமமாகவே மதித்திருக்கிறார்கள்.

அவரை முகத்துக்காகத் தெரிவு செய்தார்கள் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். கராச்சியில் உதவியது முகம் அல்ல, பழக்கமும் பொறுப்பும். எங்கள் ஆசிரியைகள் அணிநடைப் பயிற்சியிலும், முதலுதவி வகுப்பிலும், மாணவ தலைவியின் சின்னத்தைச் சட்டையில் குத்திவிட்ட நாளிலும் எங்களுக்குத் தர முயன்றதும் அதைத்தான்.

இன்று பலாலியிலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானங்கள் பறக்கின்றன. எங்கள் தங்கையரில் எவளாவது விமானப் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், அவளைச் சிரித்துத் தட்டிக்கழிக்க வேண்டாம். நீந்தப் பழகு, முதலுதவி படி, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் கற்றுக்கொள் என்று சொல்வோம். அத்தொழிலில் இருக்கும் பழைய மாணவியர் ஊருக்கு வரும்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு மணித்தியாலம் பேசினால், அதுவே கல்லூரிக்குச் செய்யும் நல்ல காணிக்கை.

விழா முடிந்து திரும்பிப் போகும்போது, கதவடியில் ஒரு பெண் எழுந்து நின்று கைகளை நீட்டுவார். அந்த இரண்டு நிமிடங்கள் கைப்பையை மூடிவிட்டு அவரைப் பார்ப்போம்.