மகளுக்காக எழுதிய கதைகள்

பிள்ளைகளே, கடைசி வரியில் திடுக்கிட வைக்கும் ஓ ஹென்றியின் கதைகளைப் படித்திருக்கிறீர்களா? அவருடைய இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். 1862இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். இளமையில் மருந்துக் கடையில் வேலை கற்றார்.

பின்பு டெக்சாஸில் வங்கிக் காசாளரானார். கணக்கில் பணம் குறைந்தது. பழி அவர் மேல் விழுந்தது. விசாரணைக்குப் பயந்து 1896இல் ஹோண்டுராஸ் நாட்டுக்கு ஓடிப்போனார். ஓடியது தவறுதான். ஆனால் மனைவி காசநோயால் சாகக் கிடக்கிறார் என்று அறிந்ததும், பிடிபடுவோம் என்று தெரிந்தே திரும்பி வந்தார். 1897இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை.

மகள் மார்கரெட்டுக்கு அப்போது எட்டு வயது. அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றே அவளிடம் சொல்லி வைத்தார்கள். அவள் செலவுக்குப் பணம் வேண்டுமே! சிறை மருந்தகத்தில் இரவு வேலை பார்த்தவர், ஓய்ந்த நேரத்தில் கதை எழுதினார். கைதி எழுதியது என்று தெரியாமலிருக்க, ஓ ஹென்றி என்ற புனைபெயரில் நண்பர் வழியாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

நன்னடத்தையால் 1901இல் விடுதலையானார். மறு ஆண்டு நியூயார்க் சென்று, வாரம் ஒரு கதை என்று எழுதிக் குவித்தார். ‘கடைசி இலை’ அங்கே எழுதியதுதான். 1910இல், 47 வயதில் மறைந்தார். அவர் சிறையில் இருந்த செய்தி, 1916இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலைப் படித்த பிறகுதான் வாசகர்கள் பலருக்கும் தெரிந்தது.