நித்தியகல்யாணியும் ஒரு வேதியியலாளரும்

குந்தாரப்பள்ளி வாரச்சந்தைக்கு ஆடு மாடுகளை ஓட்டிச் செல்வோர் வழியோரத்து நித்தியகல்யாணிச் செடியை நின்று நோக்குவதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேலியோரங்களில் நீரூற்றுவார் இன்றியே அது பூத்து நிற்கும். பசியோடு வரும் ஆடுகளும் அதனைப் பொதுவாகத் தீண்டா. அதன் இலையிலுள்ள அல்கலாய்டுகள் கசப்பும் நச்சுத்தன்மையும் உடையவை. அந்நஞ்சே அளவறிந்து பயன்படுத்தப்பெறும்போது புற்றுநோய்க்கு மருந்தாகிறது. இத்தகைய தாவரப் பொருள்களின் ஆய்வுக்கு நம் நாட்டில் அடித்தளமிட்டோருள் ஒருவர் அசிமா சாட்டர்ஜி.

அசிமா 1917 செப்டம்பர் 23 அன்று கல்கத்தாவில் பிறந்தார். மருத்துவரான தந்தை இந்திரநாராயண் முகர்ஜி தாவரங்களின்மீது கொண்டிருந்த ஈடுபாடு மகளையும் பற்றிக்கொண்டது. பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் வேதியியல் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

1947இல் கைக்குழந்தையான மகளுடன் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் சூரிச்சில் நோபல் பரிசு பெற்ற பால் காரரிடமும் ஆய்வு மேற்கொண்டார். 1950இல் தாயகம் திரும்பினார். இங்கே போதிய வேதிப்பொருள்கள் இல்லை; கருவிகள் இல்லை; நிதியும் இல்லை. பகுப்பாய்வுக்கான மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவைத் தம் கைப்பொருளிலிருந்தே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஆயினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

தாவரத்திலிருந்து மருந்துப் பொருளைப் பிரிப்பது எளிதன்று. இலையையோ வேரையோ உலர்த்திப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, சாற்றிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிதல் வேண்டும். சர்ப்பகந்தா, வின்கா முதலியவற்றின் இண்டோல் அல்கலாய்டுகளை அசிமா இவ்வாறு நுணுகி ஆராய்ந்தார்.

அக்காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் நித்தியகல்யாணி ஆராயப்பட்டு வந்தது. நீரிழிவுக்கு உதவுமா என்று கனடாவில் ஆராய்ந்தபோது, அதன் சாறு வெள்ளணுக்களைக் குறைப்பது தெரியவந்தது. அவ்வழியே 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. தொடர்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தனர். இவை செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுத்து, புற்றுச்செல்களின் பெருக்கத்தை நிறுத்துகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இடம்பெறுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர் இலை வேண்டும் என்பர். ஆகவே இலையை மென்று நோய் தீர்க்கலாம் என எண்ணுவது பேதைமை. அது உயிருக்கே தீங்காகலாம்.

நாட்டு மருத்துவ அறிவை அசிமா இகழவுமில்லை, ஆராயாமல் ஏற்கவுமில்லை. ஆரைக்கீரை இனத் தாவரத்தையும் சடாமாஞ்சிலையும் கொண்டு வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 என்னும் மருந்தை உருவாக்கினார். ஏழிலைப்பாலை, கடுகுரோகிணி முதலியவற்றிலிருந்து மலேரியாவுக்கும் மருந்து கண்டார். இந்திய மூலிகைகளைப் பற்றிய ஆறு தொகுதிகள் கொண்ட பெருநூலின் பதிப்பாசிரியராகவும் விளங்கினார்.

1967இல் தந்தையையும் கணவரையும் சில மாத இடைவெளியில் இழந்து, தாமும் நோயுற்றார். உடல் தேறியதும் மீண்டும் ஆய்வகத்துக்கே திரும்பினார். முன்னரே 1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்ற முதல் பெண்மணியாகியிருந்த அவர், 1975இல் பத்மபூஷண் விருது பெற்றார். இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் பொதுத்தலைவராகவும் ஆனார். 1982 முதல் 1990 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகப் பணியாற்றினார். 2006 நவம்பர் 22 அன்று மறைந்தார்.

அசிமாவிடம் ஆய்வு பயின்ற மாணவர்கள் பலர். கண்ணுக்குப் பழகிய செடியையும் புதிதாய் நோக்குதல், கேட்டதைச் சோதித்த பின்னரே ஏற்றல் ஆகிய இரண்டையும் அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது. ஆராயப்படாத தாவரங்கள் நம் மலையடிவாரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்னும் பல உள்ளன. அவற்றின்முன் நின்று நோக்குவோர் உங்களுள்ளும் இருத்தல் கூடும்.