கிலாபத்தும் விடுதலைப் போரும்: மௌலானா முகமது அலி ஜவ்ஹரின் வாழ்க்கை

உலக முஸ்லிம்களின் ஒற்றுமையையும் இந்திய விடுதலையையும் ஒரே போராட்டமாக நடத்த முயன்றவர் மௌலானா முகமது அலி ஜவ்ஹர். இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ராம்பூரில் 1878 டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்த அவர், அலிகாரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கல்வி பயின்றார்.

ஐரோப்பிய ஆதிக்கத்துக்கு எதிராக முஸ்லிம் நாடுகள் ஒன்றிணைய வேண்டும் என்ற கருத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி பரப்பினார். துருக்கி சுல்தானே அனைத்து முஸ்லிம்களின் கலீஃபா என்ற எண்ணமும் அதனுடன் வலுப்பெற்றது. 1911-இல் கல்கத்தாவில் முகமது அலி தொடங்கிய 'காம்ரேட்' ஆங்கில வார இதழ் துருக்கிக்கு ஆதரவாக எழுதியது. முதல் உலகப் போரின்போது, 1915-இல், அவரும் அண்ணன் ஷௌகத் அலியும் காவலில் வைக்கப்பட்டனர்.

1919-இன் இறுதியில் விடுதலையானதும் கிலாபத் இயக்கத்தில் முன்னின்றார். போரில் தோற்ற துருக்கியின் கலீஃபா பதவியைக் காக்கும் அக்கோரிக்கைக்கு மகாத்மா காந்தி ஆதரவளித்தார். அதுவே ஒத்துழையாமை இயக்கத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாகி, இந்து, முஸ்லிம் மக்களைப் பெருமளவில் ஒன்றுசேர்த்தது.

1921 செப்டம்பரில் காந்தியுடன் சென்னைக்குப் பயணம் செய்தபோது, வால்டேர் ரயில் நிலையத்தில் முகமது அலி கைதானார். கராச்சி வழக்கில் அவருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். மூன்று மாதங்கள் நிறைவடைவதற்குள், 1924 மார்ச் 3-ஆம் தேதி, முஸ்தஃபா கமால் தலைமையிலான துருக்கியே கலீஃபா பதவியை ஒழித்தது. இந்தியாவில் பலர் சிறை சென்று காக்க முயன்ற பதவியை, அதற்கு உரிய நாடே வேண்டாமென்று விலக்கியது.

அதன்பின் ஒற்றுமையும் குலைந்தது. 1928-ஆம் ஆண்டின் நேரு அறிக்கையை எதிர்த்த அவர், காங்கிரஸிலிருந்து விலகிச் சென்றார். உடல் நலிந்த நிலையிலும் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் பங்கேற்று, இந்திய விடுதலைக்காக வாதிட்டார். 1931 ஜனவரி 4-ஆம் தேதி அங்கேயே காலமானார். அவரது உடல் ஜெருசலேமில் அல்-அக்ஸா வளாகத்தை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டது.

சமயக் கோரிக்கையை விடுதலைப் போருடன் இணைத்தது ஒற்றுமையை வளர்த்ததா, பிற்காலப் பிரிவினைக்கு வழிவகுத்ததா என்பது குறித்து வரலாற்று அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1920-இல் அலிகாரில் தோன்றி, அவரை முதல் துணைவேந்தராகக் கொண்ட ஜாமியா மில்லியா இஸ்லாமியா, டெல்லியில் மத்தியப் பல்கலைக்கழகமாக இன்றும் இயங்கி வருகிறது.