மரத்தடிக்கு வந்த மருத்துவம்

கார்த்திகை தீபத்தன்று அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோர மருத்துவ முகாம்களைக் காணும்போது ஐடா ஸ்கடர் என் நினைவுக்கு வருகிறார். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கர், மருத்துவக் குடும்பம். அவருக்கோ அத்தொழிலில் நாட்டமில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், தத்தம் மனைவியின் பேறுகாலத்துக்கு அவரை உதவிக்கு அழைத்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் என்பதால் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

கார்னெல்லில் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பொருளியல் கற்பித்த எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. இலவச மருந்துக்கும் விலையுண்டு: வண்டிச் சத்தம், இழந்த நாட்கூலி, துணைக்கு வருபவரின் கூலி. வகுப்பறையில் நாங்கள் இதனைத் தாமதமாகவே பேசத் தொடங்கினோம். அவரோ வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடியிலேயே புண் கழுவி மருந்திட்டார். 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார்.

2023-இல், அதே வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன்பே இறந்தது. சாலையில்லை. உடலைச் சுமந்து தாய் மலைமேல் நடந்தார்.