4 செல்லில் 15 மணி நேரம்: மலிவு கேட்ஜெட்டின் பேட்டரி ரகசியத்தைப் பிடித்த குன்பெய் யோகோய்

கழுத்தில் மாட்டும் ஃபேன், குட்டி ட்ரிம்மர், புளூடூத் ஸ்பீக்கர் என்று ஆன்லைன் தள்ளுபடியில் ஏதாவது ஒன்று வாங்குகிறோம். போனுக்கான புது சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளை மாட்டினால் சார்ஜ் ஏறவே ஏறாது. அதே கருவி பழைய சார்ஜரில், பழைய கேபிளில் ஜம்முனு ஏறும். சார்ஜ் ஏறினாலும் 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

'மலிவு விலைன்னா இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், விலையைக் குறைத்துக்கொண்டே பேட்டரியையும் நெடுநேரம் நிற்க வைக்க முடியும் என்று 1980களிலேயே காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய். கேம் பாய் கருவிக்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொண்டால், இன்று நாம் வாங்கும் கேட்ஜெட்டுகளையும் கொஞ்சம் உஷாராகப் பார்க்கலாம்.

யார் இந்த யோகோய்?

1941 செப்டம்பர் 10 அன்று கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்சாரம், மின்னணுவியல் சார்ந்த படிப்பு. 1965இல் நிண்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது வீடியோ கேம் கம்பெனி இல்லை. 'ஹனஃபுடா' எனப்படும் ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரித்துவந்த கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் யோகோயின் வேலை.

வேலை இல்லாத நேரத்தில், நீண்டு சுருங்கும் கை போன்ற ஒரு பொம்மையைத் தனக்காகச் செய்துவைத்திருந்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டது. திட்டு விழவில்லை. அதையே விற்பனைக்கு ஏற்ற பொருளாக மாற்றச் சொன்னார். 1966இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷின் பராமரிப்பாளர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்து வந்தது, இருவர் கைகோத்துப் பிடித்தால் உடல் வழியே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து 'காதல் அளவு' காட்டும் 'லவ் டெஸ்டர்'. அதன் பிறகு 1970இல் ஒளித் துப்பாக்கி. ட்ரிகரை அழுத்தினால் துப்பாக்கியில் குட்டி பல்பு மின்னும். எதிரே உள்ள இலக்கில் ஒரு சோலார் செல். வெளிச்சம் சரியாக அதன்மேல் விழுந்தால் இலக்கு சாயும்.

சோலார் செல் மின்சாரம் தயாரிப்பதற்கான பொருள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யோகோய் குழு அதை வெளிச்சம் கண்டறியும் சென்ஸாராக்கியது. இதுதான் அவர் பாணி. பழகிப்போன, விலை இறங்கிய, என்னென்ன கோளாறு வரும் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுக்க வேண்டும். அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். இந்த அணுகுமுறைக்கு 'வாடிப்போன தொழில்நுட்பம்' என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்.

கால்குலேட்டரிலிருந்து வந்த கேம்

1970களில் ஜப்பானில் கால்குலேட்டர் விலைப் போர். ஷார்ப், கேசியோ போன்ற நிறுவனங்கள் போட்டி போட்டதில் எல்.சி.டி. திரையும் சின்னச் சிப்புகளும் படு மலிவாகின. புல்லட் ரயிலில் போரடித்துப்போன ஒரு பயணி, கால்குலேட்டர் பட்டன்களை அழுத்தி நேரம் போக்கிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார் என்றும், அங்கிருந்துதான் யோசனை பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது.

1980 ஏப்ரலில் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. சட்டைப் பையில் அடங்கும் கருவி. ஒரு கருவியில் ஒரு கேம். விளையாடாத நேரத்தில் கடிகாரம். பட்டன் பேட்டரிகளில் ஓடியது. அந்த வரிசைக் கருவிகள் மொத்தம் 4.34 கோடி விற்றன.

நம்மூர் 90ஸ் கிட்ஸ் வைத்திருந்த 'பிரிக் கேம்' ஞாபகம் இருக்கிறதா? திரைக்குள் முன்பே வரைந்துவைத்த கட்டங்கள் தெரிந்து மறையும். அதே வகை எல்.சி.டி. தொழில்நுட்பம்தான் இதிலும்.

எல்.சி.டி.க்கு ஏன் இவ்வளவு குறைந்த கரண்ட் போதும்?

காரணம் எளிது. எல்.சி.டி. தானாக ஒளிராது. மெல்லிய மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே உள்ள திரவப் படிகங்கள் திசை மாறும், அந்த இடம் கறுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள வெளிச்சத்தை வைத்துத்தான் நாம் பார்க்கிறோம். அதனால் கரண்ட் செலவு மிகக் குறைவு. திரைக்குப் பின்னால் விளக்கு வைத்த மறுகணம் கதையே மாறிவிடும். பேட்டரியின் பெரும்பகுதியை அந்த விளக்கே தின்றுவிடும்.

கேம் பாய்: எதை விட்டுக்கொடுத்தார்கள்?

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் வெளியானது. விலை 12,500 யென். யோகோய் தலைமையிலான குழுவின் தயாரிப்பு. அதன் ஹார்டுவேர் பொறுப்பில் சடோரு ஒகாடாவின் பங்கு மிகப் பெரியது. கேம்களை மாற்றி மாற்றிப் போடும் அளவுக்குத் திறனுள்ள கருவியாக இருக்க வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர் ஒகாடா. விலையையும் பேட்டரியையும் விடாமல் பிடித்துக்கொண்டவர் யோகோய்.

கலர் திரை அப்போதே சாத்தியம்தான். ஆனாலும் கேம் பாயில் இருந்தது பச்சை கலந்த பின்னணியில் 4 அடர்த்திகள் மட்டும் காட்டும் திரை. அளவு 160க்கு 144 புள்ளிகள். பின்விளக்கு கிடையாது. பிராசஸர் 8 பிட், அன்றைக்கே பழைய ரகம்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. வெளிச்சம் குறைந்தால் திரை தெரியாது. வேகமாக நகரும் உருவங்கள் இழுபடும். தயாரிப்பு நேரத்தில், முதலில் தேர்ந்தெடுத்த திரை கோணம் மாறினால் சரியாகத் தெரியவில்லை என்பதால் வேறு ரகத் திரைக்கு மாற வேண்டியிருந்தது. மாட்டிக்கொள்ளும் விளக்குகளை விற்கவே தனிச் சந்தை உருவானது. மங்கலான திரையை மக்கள் ஏற்காமல் போயிருந்தால் மொத்தத் திட்டமும் கவிழ்ந்திருக்கும்.

சின்னச் சின்ன இடங்களிலும் மிச்சம் பிடித்தார்கள். பிராசஸருக்கு வேலை இல்லாத நொடித் துணுக்குகளில் அதைத் தூங்கவைக்கும் கட்டளை இருந்தது. கேம் எழுதுபவர்கள் அதைப் பயன்படுத்தினால் பேட்டரி கூடுதலாக நிற்கும். பேட்டரி அளவைக் காட்டத் தனிச் சிப் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது மங்க ஆரம்பித்தால் செல் மாற்ற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆஃப் செய்ய நிஜமான தள்ளு சுவிட்ச். ஆஃப் என்றால் ஆஃப்தான்.

4 செல்லா, 18 செல்லா?

கேம் பாய்க்கு 4 ஏஏ செல்கள் வேண்டும், அதாவது பென்சில் செல்கள். அவற்றில் சுமார் 15 மணி நேரம் விளையாடலாம்.

அதே 1989இல் அட்டாரி லிங்க்ஸ் வந்தது. கலர் திரை, பின்விளக்கு எல்லாம் உண்டு. 6 செல் போட்டால் 4 முதல் 5 மணி நேரம். அடுத்த ஆண்டு சேகா கேம் கியர். அதிலும் கலர், பின்விளக்கு. 6 செல்லில் 3 முதல் 5 மணி நேரம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 15 மணி நேரம் விளையாட கேம் பாய்க்கு 4 செல். 5 மணி நேரம் தாங்கும் போட்டிக் கருவிக்கு 18 செல். கடையில் கொடுக்கும் விலை ஒருமுறைதான். செல்லுக்குக் கொடுக்கும் காசு ஒவ்வொரு வாரமும் போய்க்கொண்டே இருக்கும். செலவு பெற்றோருடையது என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் கடை விலையும் கூடுதல். அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர், லிங்க்ஸ் சுமார் 180 டாலர். சந்தையின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து விற்றவை சுமார் 11.87 கோடி. வெற்றிக்கு டெட்ரிஸ் போன்ற கேம்களும் காரணம். ஆனால், நீண்ட ரயில் பயணத்தில் டெட்ரிஸ் பாதியில் அணையாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மங்கலான திரை.

உள்ளேயே சார்ஜ் வசதி ஏன் இல்லை?

இன்று கேட்டால் விநோதமாக இருக்கும். ஆனால், லித்தியம்-அயான் பேட்டரியை சோனி சந்தைக்குக் கொண்டுவந்ததே 1991இல்தான். 1989இல் கையில் இருந்தது நிக்கல்-காட்மியம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான், சாதாரண செல்லில் 1.5. சேமிக்கும் சக்தியும் குறைவு. உள்ளேயே வைத்தால் பேட்டரி, சார்ஜிங் சர்க்யூட், அடாப்டர் என எல்லாம் விலையில் ஏறும்.

கேம் பாயில் வெளி அடாப்டருக்கு ஒரு துளை இருந்தது. ரீசார்ஜ் பேக் தனியாக விற்கப்பட்டது. தேவைப்பட்டவர் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்கும் செல் போதும். பழைய கேம் பாயில் இன்றும் புது செல் போட்டு ஓட்ட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிக்குள்ளேயே ரீசார்ஜ் பேட்டரி வந்தது 2003இல், கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.யில்.

சறுக்கிய இடம்

எல்லா முடிவும் பலிக்கவில்லை. 1995இல் யோகோய் கொண்டுவந்தது 'வர்ச்சுவல் பாய்'. கண்ணருகே வைத்து 3டி-யில் பார்க்கும் கருவி. திரையில் சிவப்பு நிறம் மட்டுமே. சிவப்பு எல்.இ.டி. விலை குறைவு, கரண்டும் குறைவு. பிரகாசமான நீல எல்.இ.டி. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது, விலையும் அதிகம்.

கணக்கு பழைய கணக்குதான். ஆனால், தலையை நகர்த்தாமல் மேஜைமேல் குனிந்து, சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்க மக்கள் தயாராக இல்லை. கண் வலிக்கிறது என்ற புகார்களும் வந்தன. விற்றது சுமார் 7.7 லட்சம். ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. கேம் பாயின் மங்கல் திரையை மக்கள் பொறுத்துக்கொண்டதற்கு, பதிலுக்கு எங்கேயும் எடுத்துப்போகலாம், நெடுநேரம் ஆடலாம் என்ற லாபம் கிடைத்தது. வர்ச்சுவல் பாயில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

1996இல் இன்னும் சிறிய கேம் பாய் பாக்கெட் வெளிவந்தது. இரண்டே ஏஏஏ செல்லில் சுமார் 10 மணி நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோவை விட்டு விலகினார். வர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பலர் எழுதினாலும், தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது.

கடைசியாக, ஒரே ஒரு செல்

சொந்தமாகத் தொடங்கிய 'கோட்டோ' நிறுவனத்தில், பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவியில் இறங்கினார். அது வெளிவருவதைப் பார்க்க அவர் இல்லை. 1997 அக்டோபர் 4 அன்று, இஷிகாவா பகுதியில் விரைவுச் சாலையில் நடந்த விபத்தில் இறந்தார். அவர் இருந்த கார் ஒரு லாரியில் மோத, இறங்கிப் பார்க்கப் போனபோது இன்னொரு கார் இடித்தது. வயது 56.

1999 மார்ச்சில் 'வொண்டர்ஸ்வான்' வந்தது. விலை 4,800 யென். 16 பிட் பிராசஸர். ஓடத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஏஏ செல். அதில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக 'குன்பெய்' என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, நம் கேட்ஜெட்டுக்கு வருவோம்

முதலில் சொன்ன டைப்-சி சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள். டைப்-சி சார்ஜர், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதை உணர்ந்த பிறகே கரண்ட் அனுப்பும். சில மலிவுக் கருவிகளில் டைப்-சி துளையை மட்டும் வைத்துவிட்டு அந்த ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். பழைய யு.எஸ்.பி. சார்ஜர் கேள்வி கேட்காமல் 5 வோல்ட் கொடுக்கும். அதனால்தான் அதில் மட்டும் ஏறுகிறது.

யோகோயும் கலர், பின்விளக்கு, வேகம் என்று பலவற்றைக் குறைத்தார். அவற்றால் மிச்சமானது வாங்கியவரின் செல் காசு. ரெசிஸ்டரை விட்டதில் மிச்சமாவது தயாரிப்பாளருக்குச் சில பைசா. நமக்கு மிஞ்சுவது வீட்டில் இன்னொரு பழைய கேபிள்.

அடுத்த முறை மலிவு கேட்ஜெட் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எத்தனை எம்.ஏ.எச். என்பதோடு, எத்தனை மணி நேரம் ஓடும் என்றும் போட்டிருக்கிறார்களா? இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறுகிறதா என்று ரிவ்யூவில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? பேட்டரி செத்தால் மாற்ற முடியுமா, இல்லை கருவியையே குப்பையில் போட வேண்டுமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தத் தள்ளுபடி விலை முழு விலை இல்லை.