எழுத்துக் கூட்டலுக்கு ஒழுங்கு தேடிய நோவா வெப்ஸ்டர்

ஆங்கிலம் பயிலும் நம் சிறார்க்கு அம்மொழியின் இலக்கணத்தினும் பெருந்தொல்லை தருவது அதன் எழுத்துக் கூட்டலே ஆகும். ஒலிப்பது ஒன்று, எழுதுவது மற்றொன்று. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நாம், வீட்டில் தமிழும் தெருவில் மற்றொரு மொழியும் பள்ளியில் ஆங்கிலமுமாக நம் மக்களை வளர்த்து வருகின்றோம். நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்னும் சொல்லில் ‘யு’ என்னும் எழுத்தை விட்டமைக்காக மதிப்பெண் இழந்து, வாடிய முகத்துடன் வீடு திரும்பும் குழந்தையை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். அவ்வெழுத்து விடுபட்டதற்கு அக்குழந்தையின் அறியாமை மட்டுமே காரணமன்று. அதன் பின்னே ஒரு பெருமகனாரின் அறுபதாண்டு உழைப்பு நிற்கின்றது. அவரே நோவா வெப்ஸ்டர்.

1758ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், வட அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில், ஹார்ட்ஃபோர்டு நகரை அடுத்த ஓர் உழவர் குடியில் அவர் பிறந்தார். மகனின் கல்வி வேட்கையைக் கண்ட தந்தையார், தம் நிலத்தை அடகு வைத்து அவரை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். நாடு விடுதலைப் போரில் மூழ்கியிருந்த காலம் அது. 1778இல் பட்டம் பெற்றவர், சட்டம் பயிலப் பொருளின்றிப் பள்ளியாசிரியராக அமர்ந்தார். அரசியலில் விடுதலை நாடும் மக்கள், எழுத்தறிவுக்கு இங்கிலாந்தின் நூல்களையே எதிர்நோக்கியிருந்த நிலை அவர் உள்ளத்தை உறுத்தியது.

அதன் பயனாக 1783இல் எழுத்துக் கூட்டல் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். எளிய அசைகளில் தொடங்கி, படிப்படியாக நீண்ட சொற்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நூல் அது. நீல அட்டையால் பெயர் பெற்ற அந்நூல், அடுத்த நூறாண்டுகளில் பல கோடிப் படிகள் விற்றதாகக் கணிக்கப்படுகின்றது. பிறர் அதனைத் திருடி அச்சிடுவதைத் தடுக்க, அவர் மாநிலந்தோறும் சென்று பதிப்புரிமைச் சட்டம் வேண்டி வாதாடினார். 1790இல் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் பிறந்தது.

வியப்பு யாதெனில், அந்த முதற்பதிப்பில் அவர் இங்கிலாந்து அறிஞர் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியின் வழக்கையே பின்பற்றியிருந்தார். சீர்திருத்த ஆர்வம் பின்னரே தோன்றியது. 1790இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், ஒலியாத எழுத்துகளையெல்லாம் களைந்து எழுதத் துணிந்தார். படித்தோர் நகைத்தனர். நாவைக் குறிக்கும் ‘டங்’ என்னும் சொல்லை நான்கே எழுத்துகளால் எழுத வேண்டுமென அவர் கூறியதும், பெண்டிரைக் குறிக்கும் ‘விமன்’ என்னும் சொல்லை ஒலித்தவாறே எழுத முனைந்ததும் மக்களிடம் செல்லவில்லை.

அவர் தளர்ந்தாரல்லர், அடங்கிய சில மாற்றங்களையே பற்றிக் கொண்டார். 1806இல் வெளிவந்த அவரது சிறிய அகராதியில் ‘கலர்’, ‘ஆனர்’ முதலிய சொற்கள் ‘யு’ இன்றி நின்றன. ‘சென்டர்’ என்பதன் இறுதியில் ‘ஆர்’ என்பதற்கு முன் ‘இ’ வந்தது. ‘மியூசிக்’ என்பதன் கடைசியில் ஜான்சன் எழுதிய ‘கே’ நீங்கியது. இவற்றுள் எதனையும் அவர் புதிதாகப் படைக்கவில்லை. முன்னரே வழங்கிய வடிவங்களுள் எளியதைத் தேர்ந்தார் என்பதே உண்மை. ‘மியூசிக்’ வடிவத்தை இங்கிலாந்தும் ஏற்றது, மற்றவற்றை ஏற்கவில்லை.

ஒரு விதியை நம் மாணவர் இங்கு நினைவிற் கொள்ளலாம். ‘பிகின்’ என்னும் சொல்லில் அழுத்தம் ஈற்றசையில் விழுகின்றது. ஆதலின் ‘இங்’ சேரும்போது ‘என்’ இரட்டிக்கும். ‘விசிட்’ என்பதில் அழுத்தம் முதலசையில் விழுதலின் ‘டி’ இரட்டிக்காது. ‘டிராவல்’ என்பதிலும் அழுத்தம் முதலசையிலேயே உள்ளது. எனினும் இங்கிலாந்தில் ‘எல்’ இரட்டிக்கின்றது. விதிக்கு மாறான இவ்விரட்டிப்பு எதற்கென வினவி, வெப்ஸ்டர் ஒற்றை ‘எல்’ போதுமென்றார். எனவே ஒற்றை ‘எல்’ எழுதும் குழந்தை விதியை மீறவில்லை. வேறொரு நாட்டின் வழக்கை எழுதியிருக்கின்றது.

அவரது பெரும்பணி பின்னரே நிறைவுற்றது. இங்கிலாந்து, பிரான்சு நூலகங்களுக்குச் சென்று ஆராய்ந்து, 1825இல் கேம்பிரிட்ஜ் நகரில் பேரகராதியை எழுதி முடித்தார். ஏறத்தாழ 70,000 சொற்களைத் தம் கையாலேயே எழுதினார். 1828இல் அஃது இரண்டு தொகுதிகளாக வெளிவந்தபோது அவர்க்கு அகவை எழுபது. சொற்பிறப்பு கூறுவதில் அவர் பிழைபட்ட இடங்கள் பலவாயினும், சொற்பொருள் விளக்கத்தில் அவர் காட்டிய தெளிவு போற்றப்படுகின்றது. இரண்டாம் பதிப்பிற்காகத் தம் வீட்டையே அடகு வைத்தார். மகன் படிக்க நிலத்தை அடகு வைத்த தந்தைக்கு ஏற்ற மகனே அவர்! 1843ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் நியூ ஹேவன் நகரில் அவர் மறைந்தார்.

அவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? எழுத்துக் கூட்டல் இயற்கையின் விதியன்று. மக்கள் கூடி ஏற்ற உடன்பாடு. உடன்பாடு என்பதனாலேயே அதனைக் காத்தல் வேண்டும். நம் நாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கைத் தழுவுகின்றன. கணிப்பொறியோ பலகாலும் அமெரிக்க வழக்கைக் காட்டுகின்றது. இரண்டையும் ஒரே தாளில் கலத்தலே மாணவர் தவிர்க்க வேண்டிய பிழை. தேர்வில் பள்ளியின் வழக்கை இறுதிவரை பின்பற்றுக.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. பிழை திருத்தும்போது குழந்தையைக் கடியாது, அச்சொல்லின் வரலாற்றை எடுத்துரைப்போம். காரணம் அறிந்த குழந்தை அச்சொல்லை எளிதில் மறவாது. தன்னை அறிவிலி என்று எண்ணி வருந்தவும் செய்யாது.